மேடு பள்ளமற்ற வீடு வேண்டி

தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப் அடித்துப் பிழைப்பது, கோயில் வாசலில் தேங்காய் விற்பது மாதிரி. சாமி வரம் கொடுக்கிறதோ இல்லையோ, நமக்குத் தேங்காய் விற்றாக வேண்டும்.

ஆரணியில் பதினைந்து வருடம் அந்தத் தேங்காயை நான் விற்றேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை. ஒரு மேஜை, தமிழ் மெஷின் ஒன்று, இங்கிலீஷ் மெஷின் ஒன்று, வருகிறவர் உட்கார இரண்டு ஸ்டூல். நிமிர்ந்தால் தலையில் படிக்கட்டு இடிக்கும். அதனால் என்னிடம் மனு எழுத வந்தவர்கள் எல்லோரும், ஆபீசுக்குள் போவதற்கு முன்பே குனிந்து பழகிவிட்டார்கள்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு தடவையாவது மனு கொடுத்தவராகத்தான் இருப்பீர்கள். 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது' என்ற கடிதம் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று கிடக்கும். அதனால் உங்களிடம் தயங்காமல் சொல்லலாம். நான் அடித்த ஆயிரக்கணக்கான மனுக்களில் இங்கே சொல்லப் போவது ஒன்றைப் பற்றித்தான். பட்டு நெசவாளி ஏகாம்பரத்தின் மனு. அந்த ஒன்றையே எட்டு வருடம் அடித்தேன்.

நான்காவது குழி

ஏகாம்பரம் முதலில் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழை நாளில். கூட மனைவி சுலோச்சனா. விஷயம் இதுதான்: வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். காரணம், வீட்டுக்குள் தோண்டிய குழி. அவருடையது குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிபலகையை மிதித்துக்கொண்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். சொந்த வீடு என்றால் தோண்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் தோண்டினால் எந்த வீட்டுக்காரருக்கும் வயிறு எரியும். காலி செய்யும்போது குழியை மூடி, சிமெண்டு பூசிச் சாவியைக் கொடுத்துவிட்டு, போகிற இடத்தில் மறுபடி தோண்ட வேண்டும். கல்யாணமான ஒன்பது வருடத்தில் ஏகாம்பரம் நான்கு குழி தோண்டி மூன்றை மூடியிருந்தார். நான்காவதை இப்போது மூடச் சொல்கிறார்கள்.

நெசவாளிகளுக்குத் தறி போடும் இடத்தோடு சேர்த்து வீடு கட்டித் தர மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது என்று நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "குழித்தறி போட்றதுக்கு ஒரு வூடு வேணும்னு எழுதுங்கக்கா. அவ்ளோதான்" என்றார் ஏகாம்பரம். அவ்வளவுதான் எழுதியிருந்தால் இதைச் சொல்ல நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அப்போது நான் தொழிலுக்குப் புதிது. மனுவைப் படித்தால் அதிகாரிக்குக் கண் கலங்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்படி அடித்தேன்: 'குண்டும் குழியுமான தரையில் இரு குழந்தைகளுடன் அல்லலுறும் ஏழையேனுக்கு, மேடு பள்ளமற்ற உறுதியான சிமெண்டுத் தரையுடன் கூடிய வீடு ஒன்றைக் கருணை கூர்ந்து அளிக்குமாறு இரு கரம் கூப்பி வேண்டுகிறேன்.'

உரக்கப் படித்துக் காட்டினேன். ஏகாம்பரம், "குழி வேணும்னு வர்லியேக்கா" என்று இழுத்தார். நெசவாளிக்கு வீடு என்றால் குழி இல்லாமலா, அதுகூடத் தெரியாமலா அங்கே படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். சுலோச்சனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் சொன்னாள்: "நாங்க இவ்ளோ கஷ்டப்பட்றோம்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுதுக்கா."

பெறுநர்

உள்ளூர் ஆபீசில் கொடுத்த மனு அசையவில்லை. இது டில்லிப் பணம், டில்லியில் கேளுங்கள் என்றார்கள். சரி, பிரதமருக்கே அனுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தோம். பெயரை முழுசாக, பட்டங்களோடு அடித்து, ரிஜிஸ்டர் தபாலில் போட்டோம். தபால் டில்லி போய்ச் சேர்வதற்குள் தேர்தலில் ஆட்சி போய்விட்டது. புதியவர் பெயரில் மறுபடி அடித்தோம். அவர் வந்து உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எழுந்து போய்விட்டார். அடுத்தவர் பெயரில் அடித்தேன். ஒரு வருடம் நாற்காலி ஆடாமல் இருந்தது. அதற்குள் ஒரு நினைவூட்டு மனுவும் போட்டோம். அது சேர்ந்ததா என்று தெரிவதற்குள் ரேடியோவில் இன்னொருவர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கோபக்காரி. இவர்கள் இப்படி மாறினால் என் கார்பன் பேப்பருக்கு யார் பதில் சொல்வது? அன்றிலிருந்து பெயரே போடுவதில்லை. 'மாண்புமிகு பிரதமர் அவர்கள்' என்று மட்டும் அடித்து ஒரு கட்டு தயாராக வைத்துக்கொண்டேன். யார் வந்தாலும் பொருந்தும். தாலுகா ஆபீசுக்கு எதிரே அரசியல் ஞானம் என்பது இவ்வளவுதான்.

ஏகாம்பரத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்த ஆட்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். வீடு காலி செய்கிற வேதனை அவருக்குத் தெரியும். தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏன்க்கா, அவங்களும் அங்க வாடகைக்குத்தான் கீறாங்களா?"

சிங்கத் தலை கவர்

டில்லியிலிருந்து ஒரு நாள் பதில் வந்துவிட்டது. பழுப்பு நிற நீள உறை. மூலையில் சிங்கத் தலை. உள்ளே இந்தியிலும் இங்கிலீஷிலும் மூன்று வரி. தங்கள் மனு மாநில அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது, மேற்கொண்டு அங்கேயே தொடர்பு கொள்ளவும். அதாவது, எங்கே கிளம்பினோமோ அங்கேயே திரும்பி வந்து நிற்கிறோம். இதை ஏகாம்பரத்திடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன். சொன்னேன். அவர் கவரை மட்டும் பத்திரமாக மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்காரர் கன்னியப்பன் அரிசி மண்டி வைத்திருந்தவர்; காலி பண்ணத் தவணை மேல் தவணை கொடுத்து அலுத்திருந்தார். அன்று மாலை, கடைசித் தவணை சொல்லிவிட்டு வரலாம் என்று ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போயிருக்கிறார். சுலோச்சனா அந்தக் கவரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், சிங்கம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்திருந்தாள். கன்னியப்பன் அதையே பார்த்தார். கையில் எடுக்கவில்லை. காலி பண்ணுகிற பேச்சையும் எடுக்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களிடம் மறைப்பானேன், அதற்குப் பிறகு நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டில்லிக்கு மனு போட்டது வீட்டுக்காக அல்ல, கவருக்காக. ஒரு கவர் வந்தால் கன்னியப்பன் ஆறு மாதம் வாய் திறக்க மாட்டார். மத்திய அரசு ஏகாம்பரத்துக்கு வீடு தராவிட்டாலும், இருக்கிற வீட்டிலிருந்து துரத்தாமல் பார்த்துக்கொண்டது. இதைத் திட்டம் போட்டவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கன்னியப்பன் ஒரு நாள் ஒரு பத்திரம் டைப் அடிக்க என் கடைக்கு வந்தபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு குறைப்பட்டார்: "டில்லில ஆள் கீதுன்னு ஏகாம்பரம் மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னாம்மா கேட்டிருக்கப் போறேன்? நானும் மனுஷன்தானே?"

தர்மனின் விரல்

பயனாளிகள் பட்டியல் தயாராகும். கையெழுத்தாகப் போகிறது என்பார்கள். உடனே தேர்தல் வந்துவிடும். தேர்தல் நடத்தை விதி என்று பட்டியலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். தொண்ணூற்றாறிலிருந்து நான்கு வருடத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு மட்டும் மூன்று தேர்தல். ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் நெசவாளர் தெருவுக்கு வந்து, வீடு கட்டித் தருவோம் என்று மைக்கில் சொன்னார்கள். அவர்கள் சொல்ல வந்ததால்தான் அந்த வீடு நின்றது என்பதை மைக்கில் சொல்ல முடியாதல்லவா!

அப்படி ஒரு தேர்தலில் நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தர்மன். சுலோச்சனாவின் அண்ணன், பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். அப்போது ஊரெல்லாம் கத்திரிப்பூ நிறச் சேலைக்கு ஏக கிராக்கி. தர்மனின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கத்திரிப்பூ. நகக்கண் எல்லாம் கன்னங்கரேல். தெள்ளார் பக்கத்திலிருந்து தேர்தல் டியூட்டிக்கு வந்திருந்த வாத்தியார் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார். தர்மன் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "பத்து ஓட்டா?" என்று வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார்.

கட்சி ஏஜெண்டுகள் எல்லோரும், வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரே குரலில் சாட்சி சொன்னார்கள்: இவர் கை எப்போதும் இப்படித்தான். வாத்தியாருக்கு அரை மனசு. மை வைத்தார், அது வைத்த இடமே தெரியவில்லை. இன்னொரு சொட்டு வைத்தார், தெரியவில்லை. சட்டப்படி வைத்த அடையாளம் தெரிய வேண்டுமே என்று அவர் தவிக்க, வரிசை தெரு வரைக்கும் நீண்டுவிட்டது. தர்மனுக்குப் பொறுமை போய்விட்டது. விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னார்: "சார், நீங்க வெக்கறது ஒரு மாசத்துல பூடும். நான் போட்ட சாயத்துக்கு கேரண்டி கீது. அதயே உங்க மைன்னு எழுதிகினு ஜல்தியா வுடுங்க."

வீடில்லாச் சான்று

மூன்றாவது தேர்தலும் முடிந்து, ஒரு வழியாகப் பட்டியல் வெளியே வந்தது. ஏகாம்பரத்தின் பெயர் இருந்தது. ஒரே ஒரு சான்றிதழ் குறைகிறது என்றார்கள். 'சொந்த வீடு இல்லை' என்பதற்கான சான்று. அதற்கு மனு அடித்துக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்தச் சான்று வாங்க இருப்பிட ஆதாரம் வேண்டுமாம். வாடகை வீட்டு ரசீது இருக்கிறது என்று கொடுத்தால், அது செல்லாது, வீட்டு வரி ரசீது வேண்டும் என்கிறார்களாம். வீட்டு வரி கட்டுகிறவனுக்கு வீடு இருக்குமே என்று நானே எழுந்து போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் நல்ல மனுஷன், தினம் என் கடையில் பேனா இரவல் வாங்குகிறவர். என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார்: "அவருக்கு வூடு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா வூடு இல்லாதவரு எங்க கீறாருன்னு தெரியாம, வூடு இல்லன்னு நான் எப்படி எழுதறது?"

கடைசியில் கன்னியப்பன் தன் வீட்டு வரி ரசீதைக் கொடுத்து உதவினார். சிங்கத் தலைக் கவர் செய்த உபகாரம். ரசீதை நீட்டும்போது அவர் மண்டியில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கவர்ன்மென்ட் காரியம், நம்மால நின்னுதுன்னு இருக்கக் கூடாது பாருங்க."

அமாவாசை ஆய்வு

எல்லாம் சரி, தறி உண்மையாகவே ஓடுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் ஆய்வாளர் வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்தால்தான் உண்மை தெரியும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வந்த நாள் அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று எந்த நெசவாளியும் தறியில் உட்கார மாட்டார். தலைக்குக் குளித்து, தறியைத் துடைத்து, துணி போட்டு மூடிவிடுவார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஏகாம்பரம் குடும்பத்தோடு பஸ் ஏறி தேவிகாபுரம் கோயிலுக்குப் போயிருந்தார். ஆய்வாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், எழுதினார்: 'தறி இயக்கத்தில் இல்லை. மனுதாரர் நெசவுத் தொழில் செய்வதாகத் தெரியவில்லை.'

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினில் ஓர் எழுத்துக் கம்பி வளைந்தேபோனது. அமாவாசை பற்றி இரண்டு பக்கம் அடித்தேன். கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறு ஆய்வுக்குத் தேதி போட்டு அனுப்பினார்கள். காலண்டரைப் பார்த்தேன். அதுவும் அமாவாசை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஆபீசில் தொங்குகிற காலண்டரில் அமாவாசை போட்டிருக்காது. தேதியை மாற்றச் சொல்லலாம் என்றால், மாற்றினால் அடுத்த நிதியாண்டுதான் என்றார் கிளார்க். வீடு வேண்டுமானால் ஏகாம்பரம் அமாவாசையன்று நெய்ய வேண்டும். அன்றைக்கு நெய்தால் அந்தத் தெருவில் அப்புறம் முகத்தைக் காட்ட முடியாது. சுலோச்சனா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

வழி கண்டுபிடித்தது அவள்தான். பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவில் ஊடை நூலைப் போடாமல், வெறும் நாடாவை வீசுவது. தறி ஆடும், பலகை அடிக்கும், சத்தம் வரும், ஒரு இழைகூட நெசவாகாது. நெய்த பாவமும் இல்லை. ஆய்வாளர் வந்தார். ஏகாம்பரம் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் காற்றை நெய்தார். ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்: 'தறி நல்ல முறையில் இயங்குகிறது. உற்பத்தி திருப்திகரம்.' மறுநாள் ஏகாம்பரம் என்னிடம் வந்தபோது சந்தோஷத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம் இருந்தது. "ஏங்க்கா, இவ்ளோ நேரம் அடிச்சிகினு கீறியே, சேல ஒரு விரல்கட கூட ஏறலியேன்னு அவரு கேக்கவே இல்லியே?"

கேட்டபடி தரை

வீடுகள் எழும்பின. கண்ணமங்கலம் போகிற ரோட்டுப் பக்கம், ஊருக்கு வெளியே, வரிசையாகப் பன்னிரண்டு வீடு. பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு சாவி கொடுத்தார்கள். நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே நானும் கை தட்டினேன். கன்னியப்பனின் வீட்டில் நான்காவது குழியை மூடி, சிமெண்டு பூசி, அவர் சாவியையும் கொடுத்தாயிற்று. தறிமரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். மறுநாளே ஏகாம்பரம் என் கடை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. சுலோச்சனாதான் குனிந்து உள்ளே வந்து, "நீங்க ஒருவாட்டி வந்து பாருங்கக்கா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். தறிக்கூடத்தில் தரை அப்படியே பளபளவென்று இருந்தது. கீழே கான்கிரீட், மேலே வழவழவென்று சிமெண்டு. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. தறி போடுகிற இடத்தில் தறிமரங்கள் பாடை மாதிரி சாய்ந்து கிடந்தன. சாவியோடு கொடுத்த நிபந்தனைத் தாள் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொன்னேன். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் தரையிலோ சுவரிலோ எந்த மாற்றமும் செய்யக் கூடாது, மீறினால் ஒதுக்கீடு ரத்து. தோண்டினால் வீடு போகும். தோண்டாவிட்டால் பிழைப்பு போகும். நெய்யப் பாவு நூல் கொடுத்த முதலாளி பத்து நாள் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் தறி ஏறாவிட்டால் பாவை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்.

மூன்று பேருமாக இன்ஜினியர் ஆபீசுக்குப் போனோம். நான்தான் குரலை உயர்த்தினேன். நெசவாளிக்கு வீடு கட்டுகிறவர்களுக்குக் குழி வேண்டும் என்று தெரியாதா, கட்டும்போது யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று பொரிந்தேன். அவர் நிதானமாக ஃபைலைப் புரட்டி, அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். பழுத்துப்போன தாள். என் மெஷினில் 'ழ' எப்போதும் ஒரு நூல் மேலே ஏறித்தான் விழும். அதில் எல்லா 'ழ'வும் ஏறியிருந்தது. 'குண்டும் குழியுமான தரையில்', 'மேடு பள்ளமற்ற உறுதியான சிமெண்டுத் தரையுடன்'. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு போட்டு, ஓரத்தில் 'பன்னிரண்டு வீட்டுக்கும் இப்படியே' என்று எழுதியிருந்தார்கள். எட்டு வருடத்தில் என் எழுத்தை ஒருவர் கவனமாகப் படித்ததற்கு அதுதான் அத்தாட்சி.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏகாம்பரம் அன்றைக்கே கேட்டார், குழி வேண்டும் என்று வரவில்லையே என்று. வாயை அடைத்தது நான். டில்லியையும் சென்னையையும் தாலுகாவையும் எட்டு வருடம் திட்டித் தீர்த்தவளுக்கு, திட்ட வேண்டிய ஆள் அந்த மாடிப்படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்ஜினியர் ஃபைலை மூடிக்கொண்டே, மனசு நொந்து சொன்னார்: "என் சர்வீஸ்லயே பப்ளிக் கேட்டதை அப்படியே செஞ்சு கொடுத்தது இந்த ஒண்ணுதாம்மா. இதுக்கும் வந்து சண்டை போட்டா நாங்க என்னதான் செய்யறது?"

அடிக்காத மனு

தோண்ட அனுமதி கேட்டு மனு போடலாம், மேலே அனுப்பி வைக்கிறேன் என்றார் இன்ஜினியர். மேலே என்றால் எங்கே என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கடைக்கு வந்தோம். காசு வாங்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, தாளையும் இரண்டு கார்பனையும் மெஷினில் ஏற்றினேன். 'பொருள்' என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. ஏகாம்பரத்திடம், நீங்கள் சொல்லுங்கள், சொன்னபடியே அடிக்கிறேன், ஒரு எழுத்துக்கூடக் கூட்ட மாட்டேன் என்றேன். அவர் சொல்ல வாயெடுத்தார். சுலோச்சனா எழுந்து வந்து, தாளையும் கார்பனையும் மெஷினிலிருந்து உருவி, மடித்து என் மேஜை மேல் வைத்தாள். "வாடக வூட்லயே யாரையும் கேக்காம தோண்டிகினு இருந்தோம். சொந்த வூட்ல தோண்டறதுக்கு டில்லியக் கேக்கணுமா? ஏந்திரிய்யா."

மறுநாள் அவர்கள் வீட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டிலும் கேட்டது. சாயங்காலம் பன்னிரண்டு வீட்டிலும் கேட்டது. மற்ற பதினோரு பேரும் அனுமதி வருமா என்றுதான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு உறுதியான கான்கிரீட்டை அரசாங்கம் போட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை, உடைக்கவே மூன்று நாள் ஆயிற்று. பாவு கொடுத்த முதலாளி சொன்ன கெடுவுக்குள் தறி ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்து, மாற்றம் ஏதாவது செய்திருக்கிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். பன்னிரண்டு குழியிலும் பன்னிரண்டு நெசவாளிகள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் குழி எங்கே தெரிகிறது? தறி ஓடுகிறது, தரை நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

அந்த அதிகாரி வந்துபோன வாரம் நான் போனபோது ஏகாம்பரம் தறியில்தான் இருந்தார். அரக்கு நிறச் சேலை, பாதிக்கு மேல் ஏறியிருந்தது. என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அதுவரை அவர் பேசியதில்லை, அன்றைக்கும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மன்னித்துவிடு தம்பி என்று நானே சொன்னேன். அவர் நாடாவை நிறுத்தி, குழிக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அக்கா, இத்த மூடித் தரச் சொல்லி இனிமே யாரும் வர மாட்டாங்க இல்ல?"

பதினைந்து வருடத்தில் நான் அடித்த மனுக்களில், கேட்டதைக் கேட்டபடி அரசாங்கம் கொடுத்தது அது ஒன்றுதான், அதைத்தான் கடப்பாரை கொண்டு உடைக்க வேண்டியிருந்தது.